குரல் அறுவைச் சிகிச்சை யோசிக்கும் திருநங்கைகளுக்கு: எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், எதில் கவனம் வேண்டும்

புடவை, முடி, நடை எல்லாம் சரியாக இருந்தும் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போனில் இன்னும் மோசம். "ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள் "சொல்லுங்க சார்" என்று வந்துவிடும். ஹார்மோன் மாத்திரை எத்தனை வருடம் எடுத்தாலும் இது மாறாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன், தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் குரல்நாண்களை நீளமாக்கித் தடிமனாக்கிவிடுகிறது. அப்புறம் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் அவற்றைப் பழையபடி சுருக்குவதில்லை.

நான் இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவள். செய்ததில் எனக்கு முழு நிறைவு. ஆனால் அதற்கு முன் தகவல் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு மருத்துவமனையில் ஒன்று சொன்னார்கள், அடுத்ததில் அதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள். ஜமாத்தில், அதாவது நம் திருநங்கைக் குடும்ப அமைப்பில், மூத்த அக்காக்களிடம் கேட்டால் நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன்), மார்பு, முடி நீக்கும் லேசர் பற்றியெல்லாம் விவரமாகச் சொல்வார்கள். குரலைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையை மையமாக வைத்து முயற்சி செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தும். நான் மருத்துவர் இல்லை. மருந்து, உடல்நிலை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தேதி வாங்குவது இந்த வேலையில் கடைசிப் பக்கம் வர வேண்டியது. அதை முதலில் செய்பவர்கள்தான் பணத்தையும் குரலையும் சேர்த்து இழக்கிறார்கள்.

1. இந்தச் சிகிச்சை எதை மாற்றும், எதை மாற்றாது

அறுவைச் சிகிச்சை மாற்றுவது சுருதியை, அதாவது குரல் எவ்வளவு மேலே அல்லது கீழே ஒலிக்கிறது என்பதை மட்டும்தான். சாதாரணப் பேச்சில் ஆண்குரல் சுமார் 100 முதல் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை இருக்கும். பெண்குரல் சுமார் 180 முதல் 220 வரை. நடுவில் 145லிருந்து 175 வரை உள்ள பகுதியில் கேட்பவருக்கு எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிகிச்சை உங்களைக் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே கொண்டுவரும்.

ஆனால் கேட்பவர் பெண் என்று முடிவு செய்வது சுருதியை மட்டும் வைத்து இல்லை. தொண்டையும் வாயும் சேர்ந்து தரும் ஒலிநிறம், வாக்கியத்தின் ஏற்ற இறக்கம், சொற்களை முடிக்கும் விதம், மூச்சு, இவையெல்லாம் அதில் உண்டு. நெஞ்சிலிருந்து பேசும் பழக்கம் அப்படியே இருந்தால், சுருதி 200ஐத் தொட்டாலும் "சின்ன வயசுப் பையன்" என்றுதான் போனில் நினைப்பார்கள். இந்தப் பகுதிகளைக் கத்தி தொடாது. பயிற்சிதான் தொடும்.

இழப்பும் உண்டு. குரலின் சத்தம் குறையும். கூட்டத்தில் கூப்பிட்டால் கேட்காது. குரலின் அடிப்பகுதி போய்விடும், பாட்டுப் பாடுபவர்களுக்குத் தங்கள் குரலின் எல்லை மாறிவிடும். நீங்கள் மேடைக் கலைஞராகவோ, ஆசிரியராகவோ, சந்தையில் கூவி விற்பவராகவோ இருந்தால், கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைப்பு நடத்துபவராக இருந்தாலும்தான், இதைத் தீர யோசியுங்கள். சத்தம் போட முடியாத குரல் உங்கள் வருமானத்தை நேராகப் பாதிக்கும்.

இது கட்டாயமும் இல்லை. குரலை மாற்றாமலே நிறைவாக வாழும் திருநங்கைகள் நிறையப் பேர். பயிற்சியிலேயே வேண்டிய இடத்தை அடைந்தவர்களும் உண்டு. யாராவது "இதைச் செய்தால்தான் முழுப் பெண்" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

2. முதலில் பேச்சுப் பயிற்சியாளர்

ஸ்பீச் தெரபிஸ்டிடம் போவதுதான் உண்மையான முதல் படி. குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம். நல்ல அறுவைச் சிகிச்சை நிபுணர்களே இதைக் கேட்பார்கள். திருநர் மருத்துவத்துக்கான உலக அளவிலான வழிகாட்டு நெறிகளின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலும் குரலுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. அதிலும் பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு.

யாரிடம் போவது? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண் இருக்கும், கேட்பதில் தவறில்லை. "வாய்ஸ் கோச்" என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்பவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. சென்னையில் பேச்சு, செவித்திறன் படிப்புகள் நடத்தும் கல்லூரிகளை ஒட்டிய வெளிநோயாளர் பிரிவுகளில் கட்டணம் குறைவு. மாணவர்கள் பயிற்சி தருவார்கள், மூத்தவர் மேற்பார்வையிடுவார். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மத்திய அரசு நிறுவனம். மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அது சென்னையைவிடப் பக்கம். தனியார் பயிற்சியாளர்கள் ஒரு அமர்வுக்கு 500லிருந்து 1,000 ரூபாய் வரை கேட்டார்கள். இணையவழியில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி.

முன்பதிவு செய்யும்போதே திருநங்கைகளுக்குக் குரல் பயிற்சி கொடுத்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல பயிற்சியாளர்களுக்குப் பக்கவாதம் வந்தவர்களோடும் திக்குவாய்க் குழந்தைகளோடும்தான் பழக்கம். மனமுவந்து கற்றுக்கொண்டு செய்பவர்களும் உண்டு, ஆனால் முதல் இரண்டு அமர்வு அவர்களுக்கு நீங்கள் பாடம் எடுப்பதில் போய்விடும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது குரலைப் பதிவு செய்து அளந்து பார்க்கப் பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினி இல்லாதவர்கள் போனில் சுருதி காட்டும் செயலி ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறை ஒரே பத்தியை ஒரே இடத்தில் வாசித்துப் பதிவு செய்து தேதியோடு வையுங்கள். பின்னால் மருத்துவரிடம் பேசும்போது இது வாய்ச்சொல்லைவிட வலுவான சான்று.

சரி, பயிற்சி போதாது, ஆபரேஷன் தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெளிவு வந்த இடம் இதுதான். கவனமாகப் பேசும்போது குரல் சரியாக இருக்கும். இருமல், சிரிப்பு, தும்மல், தூக்கக் கலக்கம், கோபம், இவற்றில் பழைய குரல் எட்டிப் பார்க்கும். அது வராமல் நாள் முழுக்கக் காவல் காத்து மனம் சோர்ந்துபோகும். அந்தக் காவலைக் குறைப்பதில்தான் அறுவைச் சிகிச்சை உதவுகிறது, ஏனென்றால் குரலின் கீழ்த்தளத்தையே அது எடுத்துவிடுகிறது. உங்கள் சிக்கல் அது இல்லையென்றால், பயிற்சியை இன்னும் கொஞ்ச நாள் தொடருங்கள்.

3. குரல்வளைப் பரிசோதனை

அடுத்தது காது மூக்கு தொண்டை மருத்துவர். எல்லா இஎன்டி மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. குரல்நாண் அறுவைச் சிகிச்சையில் தனிப்பயிற்சி எடுத்தவர்கள் வேண்டும். மருத்துவமனையில் "வாய்ஸ் கிளினிக்" என்று தனிப் பிரிவு இருந்தால் அங்கே கேளுங்கள்.

அவர்கள் செய்யும் முக்கியப் பரிசோதனை ஸ்ட்ரோபோஸ்கோபி. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ சின்னக் கேமராவை விட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் குரல்நாண்கள் அதிர்வதைப் பார்ப்பார்கள். வலி இல்லை, குமட்டும். சாதாரண எண்டோஸ்கோபி இதற்குப் போதாது. தனியாரில் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். அந்த வீடியோவைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கும்போது திரும்பச் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் வெளிவரும். ஒன்று, வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறுவது. இரவு பத்து மணிக்கு மேல் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பவர்களில் பலருக்கும் இது இருக்கும், தெரியாது. அமிலம் தையலைப் புண்ணாக்கும், அதனால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். இன்னொன்று புகையிலை. பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவாக இருந்தாலும் விட வேண்டும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், குரல்நாணைப் பார்த்தாலே பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

4. என்ன வகைச் சிகிச்சை

குரல்நாண் என்பது வீணைத் தந்தி மாதிரி. அதிரும் நீளம் குறைந்தாலும், இழுவை கூடினாலும், தடிமன் குறைந்தாலும் சுருதி ஏறும். இந்த மூன்று வழிகளில்தான் எல்லாச் சிகிச்சைகளும் வருகின்றன.

இன்று பெரும்பாலும் செய்வது குளோட்டோபிளாஸ்டி. ஜெர்மன் மருத்துவர் வெண்ட்லரின் பெயரால் வழங்குகிறது. வாய் வழியாகவே செய்வார்கள், கழுத்தில் வெட்டு இல்லை. இரண்டு குரல்நாண்களின் முன்பகுதியில், சுமார் மூன்றில் ஒரு பங்கில், மேல்தோலை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மீதிப் பகுதி மட்டும் அதிரும், சுருதி ஏறும். தென்கொரியாவில் சியோலில் உள்ள யெசன் குரல் மையம் இதன் ஒரு வடிவத்துக்குப் பெயர் பெற்றது.

இரண்டாவது வகை, கழுத்தில் வெட்டி இரண்டு குருத்தெலும்புகளை இழுத்துக் கட்டுவது. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970களில் உருவாக்கிய முறை. இதைப் பற்றிக் கவனமாக இருங்கள். செய்த புதிதில் குரல் அழகாக இருக்கும். மாதங்கள், வருடங்கள் போகப் போகக் கட்டு தளர்ந்து சுருதி இறங்கிவிடுவது உண்டு. சுருதியை ஏற்றி இறக்கும் தசையின் வேலையையே கட்டிப்போட்டுவிடுவதால் பேச்சில் ஏற்ற இறக்கம் குறைந்து ஒரே மாதிரி ஒலிக்கும். இதை மட்டும்தான் செய்வோம் என்று சொல்லும் இடத்தில் உடனே ஒப்புக்கொள்ளாமல், வேறு ஒருவரிடமும் கேளுங்கள்.

மூன்றாவது, லேசரால் குரல்நாணை மெலிதாக்குவது. தனியாகவும் செய்வார்கள், குளோட்டோபிளாஸ்டிக்குக் கூடுதலாகவும் செய்வார்கள். தனியாகச் செய்தால் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு: கழுத்தில் துருத்தி நிற்கும் மேட்டைச் சீவும் சிகிச்சை. அது தோற்றத்துக்கு மட்டும்தான், குரலை உயர்த்தாது. அளவுக்கு மீறிச் சீவினால் குரல்நாண் ஒட்டியிருக்கும் இடம் தளர்ந்து குரல் இன்னும் கீழே போய்விடும் அபாயமும் உண்டு. "ரெண்டும் சேர்த்துப் பண்ணிடலாம், குரலும் மாறிடும்" என்று யாராவது சொன்னால், குரலுக்குத் தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

5. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.

- திருநங்கைகளுக்கு இந்தச் சிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள்? பொதுவான குரல்நாண் ஆபரேஷன்களின் கணக்கு வேறு, இது வேறு.
- முன்னும் பின்னும் பதிவு செய்த குரல்களைக் கேட்க முடியுமா? பெயர் இல்லாமல் போட்டுக் காட்டுவார்கள். ஒரு மாதத்தில் எடுத்ததைவிட ஒரு வருடம் கழித்து எடுத்த பதிவைக் கேளுங்கள்.
- தையல் பிரிந்தால், அல்லது கரகரப்பு நிற்காவிட்டால் அடுத்து என்ன? திரும்பச் செய்வதற்கு முழுக் கட்டணமா?
- என் குரல்நாணைப் பார்த்த வகையில் எவ்வளவு ஏறும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கு "220 கட்டாயம் வரும்" என்று உறுதி கொடுப்பவரிடம் எச்சரிக்கை தேவை. நேர்மையான மருத்துவர் ஒரு வரம்பைச் சொல்வார், அபாயங்களையும் தானாகவே சொல்வார்: நீடிக்கும் கரகரப்பு, தையல் இடத்தில் சதை வளர்ச்சி, நாக்கு சில வாரம் மரத்துப்போவது, சுவை மாறுவது, கருவி பட்டுப் பல் சேதமாவது. ஆடும் பல், கட்டிய பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

6. மற்ற ஆபரேஷன்கள் முடிந்த பிறகு குரல்

இதை எனக்கு ஒரு மயக்க மருத்துவர் சொன்னார். இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பெரிய ஆபரேஷனுக்கும் முழு மயக்கம் கொடுத்தால் தொண்டைக்குள் மூச்சுக்குழாய் செருகுவார்கள். குளோட்டோபிளாஸ்டி செய்த தொண்டையில் வழி குறுகியிருக்கும். பெரிய குழாயை அழுத்திச் செருகினால் தைத்த இடம் கிழிந்துவிடும். ஆகவே நிர்வாணம், மார்பு, முகம் எது பாக்கி இருந்தாலும் முதலில் அவற்றை முடியுங்கள், குரல் கடைசியில் இருக்கட்டும்.

7. ஆவணங்கள்

ஒரு கோப்பு போடுங்கள். அசல் ஒரு பக்கம், நகல் மூன்று செட் இன்னொரு பக்கம்.

ஆதார் முதலில். அதில் உள்ள பெயரும், திருநங்கை அடையாள அட்டையில் உள்ள பெயரும், மருத்துவமனைச் சீட்டில் எழுதிய பெயரும் ஒன்றாக இருக்கட்டும். சேர்க்கை நேரத்தில் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் இதுதான். பழைய பரிசோதனைச் சீட்டில் பழைய பெயர், புதிய சீட்டில் புதிய பெயர் என்றால் "இது யாருடையது" என்று நிறுத்திவிடுவார்கள். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுப்பது நல்லது. தமிழ்நாடு திருநங்கைகள் நல வாரியத்தின் அட்டை, மத்திய அரசின் திருநர் தேசிய இணையதளம் வழியாக மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ், இரண்டும் வெவ்வேறு. இரண்டையும் வாங்கி வையுங்கள்.

மனநல மருத்துவரின் கடிதம். குரல் சிகிச்சைக்கு இதைச் சில இடங்களில் கேட்கிறார்கள், சில இடங்களில் கேட்பதில்லை. நிர்வாணத்துக்கு வாங்கிய கடிதம் இருந்தால் அதுவே போதுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் செலவழியுங்கள். மனநல மருத்துவர் உங்களை "மாற்ற" முயன்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாலின அடையாளத்தை அப்படி மாற்ற முயலும் சிகிச்சை தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. அதற்கு வழிவகுத்தது 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு.

ஹார்மோன் மருத்துவரின் சீட்டு, பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கை, ஸ்ட்ரோபோஸ்கோபி அறிக்கை ஆகியவையும் கோப்பில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பற்றி. 18 வயது நிறைந்தவர் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். அப்பா, அண்ணன் கையெழுத்து வேண்டும் என்று கவுண்டரில் சொன்னால், மருத்துவரிடம் நேரில் பேசுங்கள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்பது வேறு. மயக்கம் தெளிந்த பிறகு கவனித்துக்கொள்ள உண்மையாகவே ஆள் வேண்டும். ரத்த உறவு வர மாட்டார்கள் என்றால், ஜமாத்து அம்மாவோ அக்காவோ மகளோ துணையாக வருவார் என்று முன்னாலேயே சொல்லி, அவர் பெயரையும் போன் எண்ணையும் சேர்க்கைப் படிவத்தில் எழுதவைத்துவிடுங்கள். அன்று காலையில் போய் வாதாட வேண்டாம்.

எச்ஐவி பரிசோதனை எடுப்பார்கள். உங்கள் ஒப்புதலோடுதான் எடுக்க வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும், பாசிட்டிவ் என்பதற்காகச் சிகிச்சையை மறுத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது.

8. பணம்

தனியார் மருத்துவமனைகளில் நான் விசாரித்தபோது குளோட்டோபிளாஸ்டிக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை சொன்னார்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு இடத்தில் எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள், இன்னொரு இடத்தில் மருத்துவர் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், லேசர் கட்டணம், அறை, மருந்து, பின்னால் பார்க்கும் ஸ்ட்ரோபோஸ்கோபி, இவை ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டியையும் கேளுங்கள். மருத்துவச் சேவைக்குப் பொதுவாக வரி இல்லை. ஆனால் அழகுக்கான சிகிச்சை என்று வகைப்படுத்திவிட்டால் 18 சதவீதம் விழும். இரண்டு லட்சத்துக்கு 36,000 ரூபாய். பில் எப்படிப் போடப்படும் என்பதைக் கணக்குப் பிரிவில் முன்னாலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பித் தேதி வாங்காதீர்கள். இந்தியப் பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்குப் பட்டியலில் பாலின மாற்றச் சிகிச்சை என்று தனியாக ஒரு பிரிவு உண்டு, அழகுச் சிகிச்சைக்கு இன்னொரு பிரிவு. அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் சில நிறுவனங்கள் இதைச் சேர்த்திருக்கின்றன. மனிதவளப் பிரிவில் பாலிசியின் முழு ஆவணத்தை வாங்கிப் படியுங்கள்.

அரசு வழி? 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் பாலின அறுவைச் சிகிச்சைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் காப்பீட்டில் இடம் தரச் சொல்கிறது. ஆயுஷ்மான் பாரத்தில் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பாலின அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் இவற்றில் குரலும் தானாக அடங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடத்தில் இஎன்டி பிரிவில் காட்டி, செய்ய முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் அதே வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தில், மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையின் பெயரைக் காட்டி, அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழியில் "வரும்மா" என்பது போதாது. பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் அரசு மருத்துவமனையைப் பயன்படுத்திக்கொண்டு, ஆபரேஷனுக்கு மட்டும் பணம் சேர்ப்பது பலருக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி.

வெளிநாடு யோசிப்பவர்கள் டிக்கெட், தங்குமிடம், துணைக்கு வருபவர் செலவு எல்லாம் கூட்டிப் பாருங்கள். பின்னால் சிக்கல் வந்தால் திரும்பப் போக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாரும் மறக்கும் செலவு ஒன்று: வேலைக்குப் போகாத வாரங்கள். ஒரு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் இதில் இறங்காதீர்கள். பணத்துக்காக ஓய்வைப் பாதியில் முறித்துப் பேச ஆரம்பித்தால், கொடுத்த லட்சம் வீண்.

9. ஆபரேஷனுக்கு முந்தைய வாரமும் அன்றைய நாளும்

ரத்தம், சர்க்கரை, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து மயக்க மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்குவார்கள். ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிட்டாலும் சொல்லுங்கள், அவருக்குத் தேவை உண்மை மட்டும்தான். ஈஸ்ட்ரோஜனை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவரும் ஹார்மோன் மருத்துவரும் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். தையலுக்கு இருமலைப் போல எதிரி வேறில்லை. மழைக்காலத்தைத் தவிர்த்துத் தேதி வாங்குவது என் யோசனை.

சேர்க்கும்போதே எந்த வார்டு என்று கேட்டுவிடுங்கள். ஆண்கள் வார்டில் போடும் பேச்சு வந்தால் தனி அறைக்கு எவ்வளவு ஆகும் என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம்தான். பெரும்பாலும் அன்றே, அல்லது ஒரு இரவு வைத்து மறுநாள் அனுப்பிவிடுவார்கள்.

10. பேசாத நாட்கள்

ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை முழு மௌனம். உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு. கிசுகிசுப்பதும் கூடாது. தொண்டையைச் செருமக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். அமிலத்துக்கான மாத்திரையை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள். காரம், புளிப்பு, ராத்திரிச் சாப்பாடு ஆகியவற்றைக் குறையுங்கள்.

முன்னேற்பாடு இல்லாமல் மௌனம் முடியாது. கெட்டி அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, பேசக் கூடாது" என்று ஒன்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரோடு ஒன்று, வீட்டு முகவரியும் துணையின் எண்ணும் உள்ள ஒன்று. பஸ்ஸில் கண்டக்டரிடமும், வழியில் போலீஸ் நிறுத்தினாலும் இவை கைகொடுக்கும். மருத்துவர் எழுதிய சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும். 108க்கு நீங்கள் போன் செய்து பேச முடியாது என்பதால் ராத்திரியில் வீட்டில் தனியாக இருக்காதீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் உங்கள் விவரம் தெரியக் கூடாது என்றால், விடுப்புச் சான்றிதழில் "குரல்நாண் நுண் அறுவைச் சிகிச்சை, முழுக் குரல் ஓய்வு" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உண்மைதான், ஆசிரியர்களும் பாடகர்களும் குரல்நாண் கட்டிக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கும் அப்படித்தான் எழுதுவார்கள்.

11. திரும்பப் பேசத் தொடங்கும்போது

முதல் சத்தம் உங்களைப் பயமுறுத்தும். கரகரவென்று, காற்றோடு, சிலருக்கு முன்னைவிடத் தடித்தும் வரும். வீக்கம் வடியவில்லை என்பதுதான் காரணம். அந்த வாரத்தில் அழுதுகொண்டே மருத்துவருக்கு மெசேஜ் போடாதவர்கள் குறைவு. சுருதி மூன்று மாதத்தில் ஓரளவு நிலைக்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில்தான் இது உங்கள் குரல் என்று சொல்ல முடியும். அதற்குள் யாரிடமும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஆனால் மூச்சுத் திணறல், ரத்தம், காய்ச்சல், விழுங்க முடியாத வலி இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேசும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரிடம் திரும்பப் போகும் தேதியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். புதிய குரல்நாண் நீளத்தில் பழைய பழக்கத்தோடு அழுத்திப் பேசினால் கரகரப்பு நிலைத்துவிடும். ஒலிநிறம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கான பயிற்சி இப்போதுதான் முழுப் பலன் தரும், ஏனென்றால் சுருதியைப் பிடித்துவைக்கும் பாடு இனி இல்லை. பயிற்சிக்கான பணத்தை ஆபரேஷன் பணத்தோடு கலந்துவிடாமல் தனியாக வைத்திருங்கள்.

ஒன்று, மூன்று, ஆறு மாதப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் போக்குவரத்துச் செலவை நினைத்து மூன்றாம் மாதத்தோடு விட்டுவிடுகிறார்கள். தையல் இடத்தில் வளரும் சதையை ஆரம்பத்தில் பார்த்தால் மருந்திலேயே அடங்க வாய்ப்புண்டு. விட்டுவிட்டால் இன்னொரு ஆபரேஷன் வரை போகலாம்.

டிஸ்சார்ஜ் அறிக்கையில் குரல்நாண்களின் முன்பகுதி தைக்கப்பட்டுள்ளது, இனி மயக்கம் கொடுக்கும்போது சிறிய மூச்சுக்குழாய் வேண்டும், பொதுவாக 6 அளவோ அதற்கும் சிறியதோ, என்று தனி வரியாக எழுதச் சொல்லி வாங்குங்கள். பல மருத்துவர்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். விபத்தில் நினைவில்லாமல் போய்ச் சேர்ந்தால் உங்களுக்காக இதைச் சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பக்கத்தின் நகலை ஆதாரோடு பர்ஸில் வையுங்கள். உங்களோடு இருக்கும் அக்காவின் போனிலும், மகளின் போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.